480 ரூபாய்க் கார்க் திருகியும் அக்கா வீட்டு இரண்டு குப்பியும்

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வைன் குப்பியின் கார்க்கை எடுக்கிற கருவி. மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், பார்க்கப் பேனாக்கத்தி மாதிரி இருக்கும், ஒரு முனையில் சின்னக் கத்தி, நடுவில் சுருள் கம்பி, மறுமுனையில் இரண்டு படி வைத்த நெம்புகோல். நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு பாத்திரக்கடையில் 480 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கி 14 மாதம் ஆகிறது, இதுவரை 11 குப்பி திறந்தாயிற்று, ஒரு கார்க்கும் உடையவில்லை. (எங்கள் பக்கம் பாட்டிலைக் குப்பி என்றுதான் சொல்வோம், இதிலும் அப்படியே எழுதுகிறேன்.) வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் எதைப் பார்த்து எடுக்க வேண்டும், எடுத்த பிறகு எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது தெரியாமல் வாங்கினால் பணம் வீண், அதோடு ஒரு நல்ல குப்பியும் வீண். எங்களுக்கு அது நடந்தது, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் என்றால் கேக், அச்சு முறுக்கு, மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி வரும் முந்திரிக்கொத்து, அதோடு சில வீடுகளில் சின்னக் கிளாசில் கொஞ்சம் வைன் என்று ஒரு வழக்கம் உண்டு. எல்லா வீட்டிலும் கிடையாது. வாசல்படி ஏற்றாதவர்களும் நிறையப் பேர் உண்டு, அது அவரவர் விருப்பம். வீட்டில் போடுகிற திராட்சை வைன் பரணியில் கிடக்கும், வாயில் துணி கட்டியிருக்கும், கார்க்குக்கு அங்கே வேலையே இல்லை. கடையில் வாங்குகிறவையும் பெரும்பாலும் திருகு மூடிதான், நாசிக் பக்கத்தில் தயாராகும் வைன்களில்கூட பல இப்போது திருகு மூடியோடுதான் வருகின்றன. ஆகவே கார்க் போட்ட குப்பி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அதை ஒழுங்காகத் திறக்கத் தெரிந்த ஆளைத் தெருவில் தேட வேண்டும், வளைகுடாவில் ஹோட்டல் வேலையோ கப்பல் வேலையோ பார்த்துவிட்டு வந்தவர் யாராவது இருந்தால் உண்டு.

எங்கள் அத்தான் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவது என்று முடிவான வருடம், வரும் வழியில் விமான நிலையக் கடையில் ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வைன் வாங்கி வந்தார். ஒரு ஆள் 2 லிட்டர் வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம், 750 மில்லி குப்பி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், கணக்குக்குள் வந்துவிடும். அதில் ஒன்றைத் தங்கள் கல்யாண வெள்ளிவிழாவில் திறக்க வேண்டும் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். இரண்டும் எட்டு வருடம் இரும்பு அலமாரி மேலே நிமிர்ந்து நின்றன. மேலே கான்கிரீட் கூரை, சித்திரை வைகாசியில் அந்த அறைக்குள் பகலில் நிற்க முடியாது.

வெள்ளிவிழா அன்று திறப்பதற்கென்று ஆன்லைனில் ஒரு கருவி வாங்கியிருந்தோம். இரண்டு பக்கமும் கை வைத்த மாதிரி, திருகத் திருக இரண்டு கையும் மேலே எழும்பும், அப்புறம் இரண்டையும் கீழே அமுக்கினால் கார்க் வெளியே வரும் என்று படம் போட்டிருந்தது. கைகள் எழும்பின, அமுக்கினோம், கருவி மட்டும் ஒரு கைப்பிடிப் பொடியோடு வெளியே வந்தது, கார்க் அங்கேயே இருந்தது, நடுவில் ஒரு ஓட்டையோடு. இரண்டாம் முறையும் அதே கதி. அதற்குள் வீட்டில் முப்பது நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், அத்தானின் தம்பி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து கார்க்கை உள்ளே தள்ளினார், அது சட்டென்று இறங்க, உள்ளிருந்த வைன் மேலே பீச்சி அக்காவின் சந்தன நிறப் பட்டுச் சேலையில் தெறித்தது. மிச்சத்தில் கார்க் பொடி மிதந்தது. யாரோ ஒருவர் "கார்க்கு விழுந்தா கெட்டுப் போச்சு, யாருக்கும் குடுக்காதீங்க" என்று சொன்னார், இன்னொருவர் எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்து எல்லாருக்கும் சாப்பாடு விளம்பினாள். எனக்கு அது மனதை விட்டுப் போகவே இல்லை.

சித்தப்பா குளச்சலில் இருக்கிறார். 22 வருடம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. விழாவுக்கு உடம்பு சரியில்லாமல் வர முடியவில்லை. அடுத்த வாரம் போய் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி சேலையைப் பற்றி இல்லை. "கீழ கொட்டினீங்களா? சாயா அரிப்ப எடுத்து வடிச்சிருந்தா முடிஞ்சு போச்சே மக்கா" என்றார், குரலில் அவ்வளவு வருத்தம். (அரிப்பு என்றால் எங்கள் பக்கம் வடிகட்டி.) கார்க் பொடி விழுவதால் வைன் கெடாது. அது வெறும் மரப்பட்டைத் துணுக்கு. சுத்தமான துணியிலோ அரிப்பிலோ வடித்தால் போதும். கெட்டுப்போன கார்க் என்று ஒன்று உண்டு, அது வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

அப்புறம் அந்த இரண்டு கைக் கருவியைக் காட்டச் சொன்னார். திருகுப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதுதான் குற்றவாளி என்றார். பார்த்தால் சுருள் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நடுவில் கட்டியான ஒரு தண்டு, அதைச் சுற்றி மரை வெட்டியிருக்கிறார்கள், தச்சர்கள் மரத்தில் துளை போடும் துரப்பணம் மாதிரி. துளை போடுவதுதான் அதன் வேலை, துளைதான் போட்டது. நல்ல கருவியில் நடுத் தண்டே கிடையாது. ஒரு கம்பியை வெற்றிடத்தைச் சுற்றி வளைத்த மாதிரி இருக்கும். கார்க்குக்குள் போகும்போது அது எதையும் அரைத்து வெளியே தள்ளாமல் தன் வழியில் ஊர்ந்து போகும், இழுக்கும்போது ஒவ்வொரு வளையமும் அதன் மேலே உள்ள கார்க்கைத் தாங்கிக்கொண்டு வரும். கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொன்னார்: சுருளின் நடுவில் ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் விட்டுப் பார். உள்ளே போனால் எடு, போகாவிட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வை.

நான் தீக்குச்சியோடு நாகர்கோவிலில் மூன்று கடை ஏறினேன். முதல் இரண்டிலும் பிளாஸ்டிக்கில் அடைத்து ஒட்டி வைத்திருந்தார்கள், பிரிக்க விடவில்லை. மூன்றாவது, நான் சொல்கிற இந்தப் பாத்திரக்கடை. "அண்ணாச்சி, வைன் குப்பியில கார்க்கு எடுக்குத சாதனம் உண்டா?" என்று கேட்டதும், சிரிக்காமல், ஏற இறங்கப் பார்க்காமல், மேல்தட்டிலிருந்து நாலு வகையை எடுத்து மேசையில் பரப்பினார். இதைச் சொல்லக் காரணம் உண்டு, முந்தின கடையில் கேட்டபோது கிடைத்த பார்வை வேறு. தீக்குச்சி விட்டுப் பார்க்கலாமா என்றேன். பாருங்கள் என்றார். நாலில் இரண்டில் குச்சி போகவில்லை, ஒன்றில் போனது ஆனால் நெம்புகோலில் ஒரு படிதான், நாலாவது இது. சாமானைத் தொட்டுப் பார்க்க விடுகிற கடை அது, சில்லறைப் பொருளுக்கும் அதே மரியாதை. அதற்காகவே இட்லிக் கொப்பரை வாங்கவும் அங்கேதான் திரும்பப் போனேன்.

இரண்டு படி எதற்கு என்பது முக்கியம். கார்க் தன் இயல்பில் சுமார் 24 மில்லிமீட்டர் அகலம், அதை அமுக்கி 18.5 மில்லிமீட்டர் கழுத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக அது கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பிடிதான் ஒழுகாமல் காக்கிறது, அந்தப் பிடியைத்தான் நாம் வெல்ல வேண்டும். நீளமோ 38-லிருந்து 49 மில்லிமீட்டர் வரை பல அளவில் வரும், விலை கூடிய வைனில் இன்னும் நீளமும் உண்டு. ஒரே படி உள்ள நெம்புகோலில், முதல் பாதி நேராக வரும், பாதிக்கு மேல் கை சாய்ந்து கார்க்கையும் சாய்த்து இழுக்கும், நீளமான கார்க் அந்த இடத்தில்தான் முறியும். இரண்டு படி இருந்தால் பாதி தூரம் முதல் படியை விளிம்பில் ஊன்றி, மிச்சத்துக்கு இரண்டாம் படியை ஊன்றி, முழுவதும் நேராகவே தூக்கலாம். இவ்வளவுதான் தந்திரம், ஆனால் இதுதான் எல்லாம்.

இந்த மடக்குக் கருவியின் மூல வடிவத்துக்கு 1882-ல் ஜெர்மனியில் கார்ல் வீன்கே என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பரிமாறுகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதற்கென்றே செய்தது, அதனால் ஆங்கிலத்தில் பரிமாறுபவரின் தோழன் என்ற பொருளில்தான் பேர். படி ஒன்றுதான் அதில், இரண்டாவது படி பிற்பாடு வந்தது. அதற்கும் முன்னே, கார்க் திருகிக்கென்று கொடுக்கப்பட்ட முதல் காப்புரிமை 1795-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஒரு பாதிரியாருக்கு. அவர் சுருளுக்கு மேலே ஒரு வட்டத் தகடு வைத்தார், சுருள் முழுக்க இறங்கியதும் தகடு கார்க்கின் தலையில் அழுந்தி, மேலும் திருகினால் கார்க்கே சுழன்று கண்ணாடியோடு ஒட்டியிருக்கிற பிடி விட்டுவிடும். சித்தப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் கப்பலில் பயிற்சி கொடுக்கும்போது சொன்னார்களாம், பாதிரியார் விஷயத்தைச் சொல்லும்போது அவருக்குத் தனி சந்தோஷம்.

எனக்கு இதில் பிடித்தது வேறு இடம். என் அப்பா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், உள்ளே மரத்தில் கத்தி பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நாங்கள் பார்த்தே வளர்ந்தது. கார்க்கும் மரப்பட்டைதான் என்று சித்தப்பா சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். ஓக் இனத்தில் ஒரு மரம், உலகத்துக் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வருகிறது. மரத்தை வெட்டுவதில்லை, வெளிப்பட்டையை மட்டும் கோடாலியால் உரித்தெடுக்கிறார்கள், உள்பட்டையில் காயம் படாமல் உரிக்கக் கைப்பழக்கம் வேண்டும், பட்டை மறுபடி வளர 9 வருடம் காத்திருக்க வேண்டும். மரம் நட்டு முதல் உரிப்புக்கே சுமார் 25 வருடம். அந்த முதல் பட்டையும் அடுத்த பட்டையும் குப்பிக்கு ஆகாது, கரடுமுரடாக இருக்கும், மூன்றாம் உரிப்பிலிருந்துதான் குப்பிக் கார்க். கூட்டிப் பாருங்கள், 40 வருடத்துக்கு மேல். எங்கள் ரப்பர் மரம் ஏழாவது வருடமே வெட்டுக்கு வந்துவிடும். ஆக, நட்டவர் தன் பிள்ளைகள் காலத்துக்கென்று நட்ட மரத்திலிருந்து வந்த துண்டு அது. அதைத்தான் நாங்கள் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினோம். (போர்ச்சுக்கல் எங்கள் கடற்கரைக்குப் புதிய பேர் கிடையாது, கோட்டாற்றில் இத்தனை பேர் கொண்டாடுகிற சவேரியார் 1541-ல் கிளம்பி வந்தது லிஸ்பனிலிருந்துதான்.) இன்னொன்று, 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு செல் என்று பேர் வைத்தாரே, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அவர் பார்த்தது கார்க் சீவல். குட்டிக் குட்டி அறைகள், உள்ளே காற்று. அந்தக் காற்றால்தான் அமுக்கினால் அமுங்கி, விட்டால் விரிகிறது. காய்ந்துபோனால் அந்த விரிகிற குணம் போய் பொடியும். குப்பியைப் படுக்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான், உள்ளே வைன் நனைத்துக்கொண்டே இருந்தால் கார்க் காயாது.

சரி, திறக்கும் முறை. சித்தப்பா ஒரு காலிக் குப்பியில் பழைய கார்க்கை அடைத்து என் கையில் கொடுத்துத்தான் பழக்கினார், நீங்களும் அப்படிச் செய்யலாம்.

குப்பியை மேசையில் நிற்க வையுங்கள், மடியிலோ முழங்கால்களுக்கு நடுவிலோ வேண்டாம். ஆட்டக் கூடாது, பழைய சிவப்பு வைனில் அடியில் வண்டல் இருக்கும், அப்படிப்பட்ட குப்பியைச் சில மணி நேரம் முன்பே நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். கழுத்தைச் சுற்றியிருக்கிற தகட்டை வாயின் மேல் விளிம்பில் வெட்டாமல் அதற்குக் கீழே, அந்தத் தடித்த வளையத்துக்கும் கீழே சுற்றி வெட்ட வேண்டும், அப்போதுதான் ஊற்றும்போது வைன் தகட்டில் பட்டு வராது. கத்தியை முன்பக்கம் அரைச் சுற்று, பின்பக்கம் அரைச் சுற்று, அப்புறம் மேல்நோக்கி ஒரு கீறல், தொப்பி மாதிரி கழன்று வரும். குப்பியைத் திருப்பக் கூடாது, கைதான் சுற்ற வேண்டும். கட்டைவிரலைக் கத்தியின் பாதையில் வைக்காதீர்கள். பிறகு ஒரு துணியால் கார்க்கின் தலையைத் துடையுங்கள், கருப்பாகப் பூசணம் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது வெளியேதான்.

இப்போது சுருள். நான் முதல் தடவை கூர் முனையைக் கார்க்கின் நட்ட நடுவில் வைத்தேன். கையைத் தட்டிவிட்டார். "முனை நடுவில நிக்கணும்னு நெனைக்காத மக்கா, சுருளுக்க நடுதான் நடுவில நிக்கணும்." யோசித்தால் புரியும், முனை என்பது வளையத்தின் ஓரத்தில் இருக்கிறது, முனையை நடுவில் வைத்தால் சுருள் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியை ஒட்டி இறங்கும், இழுக்கும்போது கார்க்கின் ஒரு பக்கம் பிய்ந்து வரும். ஆகவே முனையை நடுவிலிருந்து ஒரு நூல் தள்ளி வைத்து, கொஞ்சம் சாய்த்துக் குத்தி, உடனே நிமிர்த்தி, அப்புறம் திருக வேண்டும். அழுத்தம் தேவையே இல்லை. சுருள் தானாக இழுத்துக்கொண்டு போகும். "பைய திருக்கு, வெப்ராளப்படாத" (மெதுவாகத் திருகு, பதறாதே) என்று அவர் சொன்னது பத்துத் தடவையாவது இருக்கும்.

சுருளில் ஒரு வளையம் மட்டும் வெளியே தெரியும்போது நிறுத்துங்கள். முதல் படியை வாய் விளிம்பில் ஊன்றி, இடது கையால் அந்தப் படியையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுக்காதீர்கள். கார்க் பாதி எழும்பியதும் நின்று, மிச்சம் இருந்த அந்த ஒரு வளையத்தையும் திருகி இறக்கி, இரண்டாம் படியை ஊன்றி மறுபடி தூக்குங்கள். ஏன் முதலிலேயே முழுக்க இறக்கக் கூடாது என்றால், நீளம் குறைந்த கார்க்காக இருந்தால் முனை அடியைத் துளைத்துக்கொண்டு போய்ப் பொடியை வைனுக்குள் தள்ளும். கடைசி அரை சென்டிமீட்டர் இருக்கும்போது நெம்புகோலை விட்டுவிட்டுக் கார்க்கைக் கையால் பொத்திப் பிடித்து, லேசாக அசைத்து எடுக்க வேண்டும். டப் என்ற சத்தம் வரக் கூடாது. ஒரு பெருமூச்சு மாதிரி வந்தால் போதும் என்பார். கப்பலில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராதாம். எடுத்ததும் வாயின் உள்பக்கம் ஒருமுறை துடைத்துவிட்டு ஊற்றலாம்.

கார்க் பாதியில் முறிந்தால்? அதே சுருளை, உள்ளே இருக்கிற துண்டில் சாய்வாக இறக்கி, கண்ணாடிச் சுவரில் லேசாக அழுந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லை என்றால் உள்ளேயே தள்ளிவிட்டு வடித்து ஊற்றுங்கள், தள்ளும்போது குப்பி வாயைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், ஆள்கள் தள்ளி நிற்கட்டும். செருப்பில் குப்பியின் அடியை வைத்துச் சுவரில் அடிக்கிற வேலை, மர ஸ்க்ரூவை ஏற்றி கட்டிங் பிளேயரால் பிடுங்குகிற வேலை எல்லாம் பலர் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கண்ணாடி உடைந்தால் உள்ளங்கை கிழியும். நுரைக்கிற வைனுக்கு இந்தக் கருவியைத் தொடவே கூடாது, உள்ளே சுமார் 6 மடங்கு காற்றழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று பங்கு. அதற்குக் கம்பிக் கூட்டைத் தளர்த்தியபடியே கட்டைவிரல் கார்க்கை விட்டு எடுபடாமல், ஆள் இல்லாத பக்கம் சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக் குப்பியைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இனி குறைகள். இந்தக் கருவியின் கத்தி சரியில்லை. பல் வைத்த கத்திதான், ஆனால் மொண்ணை, தடித்த தகட்டில் வழுக்குகிறது. மூன்றாவது குப்பியில் என் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது, அதற்குப் பிறகு தகட்டை வெட்ட வீட்டில் காய் நறுக்குகிற சின்னப் பல்கத்தியைத்தான் எடுக்கிறேன். இரண்டாவது, நெம்புகோல் மூட்டில் உள்ள ஆணி. நாலு மாதத்தில் லேசாக ஆட்டம் கொடுத்தது, அத்தான் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி இறுக்கினார், இப்போது சரியாக இருக்கிறது. மூன்றாவது துரு. குளச்சலில் சித்தப்பா வீட்டில் ஒரு மாதம் மறந்து வைத்துவிட்டு வந்தேன், கடல்காற்று பட்டு மூட்டில் பழுப்பு படிந்துவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் கழுவினால் நன்றாகத் துடைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். நான் முதலில் தேங்காய் எண்ணெய் விட்டேன், அது நாள்பட்டால் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கிறது, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைப்பதுதான் சரி. சுருளில் பூசியிருக்கிற கருப்புப் பூச்சு இன்னும் உரியவில்லை, அதனால்தான் வழவழவென்று இறங்குகிறது என்று நினைக்கிறேன். பொடித்து ஒட்டின கார்க், பிளாஸ்டிக் கார்க் இரண்டையும் இதில் எடுத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக்குக்குக் கை வலு கூடுதலாக வேண்டும், மற்றபடி சிரமம் இல்லை.

சிநேகிதர் ஒருவர் 1,500 ரூபாய்க்கு மேல் கொடுத்து பேட்டரியில் ஓடும் கருவி வைத்திருக்கிறார். பொத்தானை அமுக்கினால் போதும், கை பலம் குறைந்த வயதானவர்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பழைய கார்க் உள்ளே பொடிகிறதா என்பது விரலுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடும். ரொம்பப் பழைய கார்க்குக்கென்றே இரண்டு மெல்லிய தகட்டுக் கால் உள்ள கருவி உண்டு, கார்க்கைத் துளைக்காமல் அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே கால்களை மாறி மாறி இறக்கி, முறுக்கிக்கொண்டே தூக்குவது. சித்தப்பாவிடம் இருக்கிறது, நாகர்கோவிலில் நான் ஏறிய கடைகளில் இல்லை.

கெட்ட கார்க் விஷயம் சொல்கிறேன் என்றேன். திறந்ததும் ஒரு வாய் ஊற்றி முகர்ந்து பாருங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த சாக்கு, அந்த மாதிரி வாடை வந்தால் அதுதான் கெட்டது. கார்க்கில் பூஞ்சையால் உண்டாகிற டிசிஏ என்ற பொருள் காரணம், ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி அதில் சில பங்கு மட்டும் ஒரு லிட்டர் வைனில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பழத்தின் மணமே போயிருக்கும். நீங்கள் திறந்த விதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 11 குப்பியில் எனக்கு ஒன்றுகூட அப்படி வரவில்லை.

பதினொன்றாவது குப்பி, அத்தான் வாங்கி வந்த ஜோடியில் மிச்சம் இருந்தது. வெள்ளிவிழாவுக்கு அடுத்த வாரமே சித்தப்பா சொல்லி அதை அலமாரி மேலிருந்து இறக்கி, கட்டிலுக்கு அடியில் தரையோரம், வெளிச்சம் படாத இடத்தில் படுக்க வைத்திருந்தோம். போன கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் அக்காவே எடுத்து நிமிர்த்தி வைத்தாள். சாயங்காலம் சித்தப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், நீயே திற என்று கையைக் காட்டிவிட்டார். காய்ந்த கார்க் என்பதால் எனக்குக் கை நடுங்கியது. வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் நிறுத்தித் திருகினேன். முதல் படியில் கர்ர் என்று ஒரு சத்தம், கார்க்கின் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு உதிர்ந்தது, சித்தப்பா "நிப்பாட்டு" என்றார், ஒரு நிமிடம் விட்டு, மறுபடி. இரண்டாம் படியில் நேராக வந்தது. கடைசியைக் கையால் எடுத்தேன். அடிப்பக்கம் நாவல்பழ நிறத்தில் நனைந்து, முழுசாக இருந்தது. சத்தம் வரவில்லை.

வைன் எப்படி என்று கேட்டால், கொஞ்சம் களைத்துத்தான் போயிருந்தது, இத்தனை வருடக் கூரைச் சூடு அதற்கு நல்லதே செய்யவில்லை, சித்தப்பா ஒரு மிடறு குடித்துவிட்டு அதை மறைக்காமல் சொன்னார். ஆனாலும் நல்ல மணம் இருந்தது. அக்காவும் அத்தானும் முதலில் குடித்தார்கள், பிறகு எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம். மிச்சம் கால் குப்பி இருந்தது, நனைந்த பக்கம் உள்ளே போகிற மாதிரி அதே கார்க்கால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள் முடித்தோம். காலிக் குப்பியை அத்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்தபோது அக்கா கார்க்கை மட்டும் கழற்றிக் கழுவிக் காயவைத்து, பால்பேனாவால் தேதி எழுதி, வெள்ளிவிழாப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.